எந்தப் புற்று ஆபத்தானது?

பி.எஸ்.ஏ. சொல்வதும் சொல்லாததும்

புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவைப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் புரதம் புற்றணுக்களுக்கு மட்டும் உரியதல்ல. நலமாக உள்ள சுரப்பியும் அதைச் சுரக்கிறது. வயதாகிச் சுரப்பி பெருத்தாலும், அதில் கிருமித்தொற்று வந்தாலும் அளவு ஏறும். மில்லிலிட்டருக்கு 4 முதல் 10 நானோகிராம் வரை உள்ளவர்களுக்குப் பயாப்ஸி செய்தால், ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கே புற்று தென்படுகிறது. குறைந்த அளவும் முழு நிம்மதி தராது. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 4 வரை மட்டுமே இருந்தவர்களிலும் சுமார் 15 சதவீதம் பேருக்குப் புற்று இருந்தது. இதற்காக பி.எஸ்.ஏ.வைக் கைவிடச் சொல்வோரும் உண்டு. அதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பரிசோதனை புராஸ்டேட் புற்றால் நேரும் மரணங்களைச் சுமார் 20 சதவீதம் குறைத்ததாக ஐரோப்பாவின் பெரும் ஆய்வு காட்டியிருக்கிறது. அது முதல் படியாக இருக்கட்டும்; அதை வைத்தே முடிவெடுப்பதுதான் தவறு.

கண்டதையெல்லாம் அகற்றலாமா?

புற்று என்று தெரிந்த பின் உடனே அகற்றுவதுதானே பாதுகாப்பு என்று கேட்கலாம். இயல்பான அச்சம்தான். ஆனால் பிரிட்டனில் 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்று பிரிவாக்கித் தொடர்ந்த ஆய்வில், 15 ஆண்டுகளுக்குப் பிறகும் எந்தப் பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் 3 சதவீத அளவில்தான் இருந்தனர். அறுவை சிகிச்சையோ சிறுநீர்க் கசிவையும் ஆண்மைக் குறைவையும் தரக்கூடும். அதே சமயம், கண்காணிப்பில் இருந்தவர்களிடம் நோய் பரவுவது ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. ஆகவே நமக்கு வேண்டியது இன்னும் அதிகப் புற்றுகளைக் காட்டும் பரிசோதனை அல்ல, சீறிப் பரவக்கூடிய புற்றைச் சாதுவானதிலிருந்து பிரித்துச் சொல்லும் மூலக்கூறு அடையாளம்.

சிறுநீரில் உள்ள தடயங்கள்

பி.சி.ஏ.3 என்ற ஆர்.என்.ஏ. புற்றணுக்களில் மிகுதியாக உருவாகிச் சிறுநீரிலும் வெளிவருகிறது. முந்தைய பயாப்ஸியில் புற்று தென்படாதவர்களுக்கு அதை மீண்டும் செய்ய வேண்டுமா என்று தீர்மானிக்க, 2012இல் அமெரிக்கா இந்த ஆர்.என்.ஏ.வை அளக்கும் பரிசோதனையை அனுமதித்தது. ஆனால் புற்று உண்டா என்பதைச் சொல்லும் அளவுக்கு அதன் வீரியத்தை இது சொல்வதில்லை. ஹாக்ஸ்சி6, டி.எல்.எக்ஸ்.1 ஆகிய மரபணுக்களின் ஆர்.என்.ஏ. அளவைப் பார்க்கும் பரிசோதனை வீரியமான புற்றையே குறிவைக்கிறது என்பதால், அதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

எம்.ஆர்.ஐ. இருக்கும்போது இவை எதற்கு என்பதும் நியாயமான கேள்வி. எம்.ஆர்.ஐ. படம் ஐயத்துக்கிடமாக அமைவதும் உண்டு. அங்கேதான் இவை உதவும். வலுவான எதிர்வாதம் வேறு: மூலக்கூறு அடையாளங்கள் எல்லா மக்களிடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2005இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் கண்ட டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2–இ.ஆர்.ஜி. மரபணு இணைவு, ஐரோப்பிய வழியினரின் புற்றுகளில் சுமார் பாதியில் உள்ளது. ஆசியர்களிடம் அதைவிடக் குறைவு. எனவே ஐரோப்பிய வழியினரிடம் இத்தகைய பரிசோதனைகளுக்கு வகுத்த எல்லைக்கோட்டை நம்மவர்களிடம் சோதிக்காமல் இங்கே பயன்படுத்தக் கூடாது.

பி.எஸ்.ஏ. சற்றே உயர்ந்திருந்தால், தொற்று இருக்கிறதா என்று பார்த்து, சில வாரங்கள் கழித்து மறுபடி சோதித்து, எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு பயாப்ஸியைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். தந்தைக்கோ சகோதரருக்கோ இந்நோய் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அளவு மிக அதிகமாக இருந்தாலோ, எலும்பு வலி சேர்ந்திருந்தாலோ, சுரப்பியில் கட்டி தட்டுப்பட்டாலோ காத்திருக்கக் கூடாது.