செல்ஃப் எடுக்காத டிராக்டர்: பழி பேட்டரி மேல்தானா?

வாலாஜாபாத், தென்னேரி, உத்திரமேரூர் பக்கங்களில் அறுவடை வேலை ஓய்ந்ததும் பல டிராக்டர்கள் வாரக்கணக்கில் நின்றுவிடும். அடுத்த உழவுக்குச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், செல்ஃப் எடுக்காது. "பேட்டரி போச்சு" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதிது வாங்கும் முன், ஒரு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

டிராக்டரில் இருப்பது 1859-இல் பிரான்சின் காஸ்டன் பிளான்டே உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் வாரிசு. ஒரு செல்லுக்குச் சுமார் 2.1 வோல்ட், ஆறு செல் சேர்ந்தால் 12.6. இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால், 12.6 என்பது முழு சார்ஜ், 12.2 ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் ஏற்ற வேண்டும். இறங்கிய நிலையிலேயே விட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய வலு திரும்பாது.

லைட் பளிச்சென்று எரிகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை என்றால்? டெர்மினலைப் பாருங்கள். அங்கே வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருக்கும் படிவம் மின்சாரத்தைத் தடுக்கும். அந்தத் தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட் 5 ஆம்பியர் இழுத்தால் அங்கே இழப்பது 0.05 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுத்தால் ஓம் விதிப்படி 2 வோல்ட் அங்கேயே போய்விடும். மோட்டார் சுற்றத் திணறுவது அதனால்தான்.

கியரை நியூட்ரலில் வைத்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் குமிழிலும் மறுமுனையை அதன் மேலுள்ள கிளாம்பிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கழற்றித் தேய்த்து, இறுக்கி, வாசலைன் தடவினால் போதும். முழு சார்ஜ் ஏற்றிய பேட்டரியே செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் அதற்கு வயதாகிவிட்டது என்று பொருள். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வரவில்லையென்றால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் கவனியுங்கள்.

பின்னால் இழுக்கும் டிரெய்லரிலும் இதே தடைப் பிரச்சினை வரும். அதன் லைட்டில் வரும் கோளாறுகளுக்குப் பெரும்பாலும் எர்த்தே காரணம். தனி எர்த் ஒயர் இல்லாவிட்டால், பல்புக்குப் போன மின்சாரம் துருவும் சேறும் கிரீஸும் படிந்த கொக்கி வழியாகத்தான் திரும்ப வேண்டும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவது இதன் அடையாளம்: மின்சாரம் வேறு பல்பு வழியாகச் சுற்றிப் போகிறது. டிரெய்லர் சட்டத்திலிருந்து டிராக்டர் சேஸிஸுக்கு ஒரு தனி எர்த் ஒயர் இழுத்தால் தீர்ந்துவிடும்.

இந்த வேலைகளில் கவனமும் தேவை. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஃபியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள். ஃபியூஸுக்குப் பதில் ஒயரே உருகித் தீப்பிடிக்கும்.

செங்கல்பட்டு–காஞ்சிபுரம் சாலையில் இரவில் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு உங்கள் டிரெய்லரைக் காட்டிக்கொடுப்பது பின்விளக்கும் ரிஃப்ளெக்டரும்தான். வண்டி எடுக்கும் முன் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். விளக்கு எரியாத டிரெய்லரைச் சாலையில் ஏற்றாதீர்கள்.