எண்ணெயை மாற்றலாம், காகிதத்தை?

துணைமின் நிலையத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்ப்பவர்கள், உள்ளே முழுக்க இரும்பும் செம்பும்தான் என்று நினைப்பார்கள். அந்தச் செம்புக் கம்பிகளைச் சுற்றி அடுக்கடுக்காகக் காகிதம் இருக்கிறது, அது பல்லாயிரம் லிட்டர் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது என்பது வெளியில் அதிகம் பேருக்குத் தெரியாது. மரக்கூழில் செய்த பழுப்புக் காகிதம்தான். லட்சம் வோல்ட்டைத் தாங்கும் இயந்திரத்தின் ஆயுளைக் கடைசியில் தீர்மானிப்பது அந்தக் காகிதம். எண்ணெயைச் சோதிப்பது, வடிகட்டுவது, ஈரம் புகாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் அதைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

எண்ணெய்க்கு நேரடியான வேலைகள் இரண்டு. மின்சாரம் தாவாமல் தடுக்க வேண்டும்; சுருளில் பிறக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய் ஆறிவர வேண்டும். கச்சா எண்ணெயிலிருந்து நன்றாகச் சுத்திகரித்து எடுத்த கனிம எண்ணெயை இதற்குப் பயன்படுத்துவது 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. தீப்பிடிக்கும் என்பது அதன் குறை. அதைப் போக்க 1930களில் பிசிபி என்ற குளோரின் கலந்த திரவங்களை நிரப்பினார்கள். தீப்பிடிக்கவில்லை, ஆனால் மண்ணிலும் மீனிலும் மனித உடலிலும் சேர்ந்து, சிதையாமல் தங்கிவிட்டது. அமெரிக்கா 1979இல் அதன் தயாரிப்பைத் தடை செய்தது. கருவிகளில் அதன் பயன்பாட்டை 2025க்குள் ஒழிக்க வேண்டும் என்று ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை கெடு வைத்தது. இன்றும் பெரும்பாலான இடங்களில் பழைய கனிம எண்ணெய்தான்.

எண்ணெய் டெஸ்ட் என்றதும் மின்வாரியத்தில் முதலில் காதில் விழும் சொல் பி.டி.வி., அதாவது எந்த வோல்ட்டேஜில் எண்ணெய் உடைகிறது என்ற அளவு. கண்ணாடிக் கிண்ணம் போன்ற ஒரு பாத்திரத்தில் காளான் குடை வடிவில் இரண்டு உலோக முனைகள் எதிரெதிராக இருக்கும். நடுவில் இடைவெளி 2.5 மில்லிமீட்டர். டேங்கின் அடி வால்விலிருந்து பிடித்த எண்ணெயைக் குமிழி எழாமல் மெதுவாக ஊற்றி, ஐந்து நிமிடம் அடங்க விடுவார்கள். பிறகு வோல்ட்டேஜை நொடிக்கு 2 கிலோவோல்ட் என்ற கணக்கில் ஏற்றுவார்கள். காற்றாக இருந்தால் அந்த இடைவெளி 8 கிலோவோல்ட் அளவிலேயே உடைந்துவிடும். வடிகட்டிய புது எண்ணெய் 60ஐத் தாண்டியும் நிற்கும். அரை நிமிடத்துக்கு மேல் முள் ஏறிக்கொண்டே போகும். திடீரென்று ‘டப்’பென்று ஒரு நீலப் பொறி. உடைந்த இடத்தில் பொட்டு போல் கரி மிதக்கும். கலக்கிவிட்டு, இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி. இப்படி ஆறு முறை செய்து சராசரி எடுப்பார்கள். பயன்பாட்டில் உள்ள எண்ணெய்க்கு இந்தியத் தரநிலை கேட்பது, சிறிய மின்னழுத்தக் கருவிகளில் குறைந்தது 30 கிலோவோல்ட். 170 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் என்றால் 50.

இந்தச் சோதனையில் எண்ணெயைத் தோற்கடிப்பது பெரும்பாலும் ஈரமும் தூசும் சேர்ந்த கூட்டணி. காகிதத்திலிருந்து உதிர்ந்த நுண்ணிய நார் ஒன்று தண்ணீரை உறிஞ்சிக்கொண்டால், மின்புலம் அதை இழுத்து இரண்டு முனைகளுக்கும் நடுவில் நிறுத்திவிடும். ஒன்றன்பின் ஒன்றாக நார்கள் வந்து சேரும். பாலம் கட்டி முடித்ததும் மின்சாரம் அதன் மேல் நடந்துபோகும்.

பி.டி.வி. நல்ல சோதனை, ஆனால் நம் ஊரில் அதன்மேல் வைக்கும் நம்பிக்கை அளவுக்கு மீறியது என்பது என் எண்ணம். “நாற்பது வந்திருக்கு, பாஸ்” என்று பதிவேட்டில் எழுதி மூடிவிடுகிறார்கள். அந்த எண் சொல்வது அன்றைக்கு அந்தப் புட்டியில் ஈரமும் தூசும் எவ்வளவு என்பதைத்தான். எண்ணெய் கிழடாகிவிட்டதா என்று அது சொல்லாது. வருடக்கணக்கில் சூட்டிலும் ஆக்சிஜனிலும் கிடந்து அமிலம் ஊறிய எண்ணெயைக்கூட வடிகட்டி ஈரத்தை எடுத்துவிட்டால், பி.டி.வி. கம்பீரமாக 60 காட்டும். அமிலம் அப்படியே இருக்கும், காகிதத்தை அரித்துக்கொண்டிருக்கும்.

கிழட்டுத்தனத்தைப் பிடிக்க வேறு சோதனைகள் உண்டு. ஒன்று அமில எண். ஒரு கிராம் எண்ணெயில் உள்ள அமிலத்தை முறிக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்று பார்ப்பது. புது எண்ணெயில் 0.03ஐத் தாண்டாது, 0.3 ஆகிவிட்டால் கவனிக்க வேண்டிய நிலை. அப்படியே விட்டால் கசடு திரண்டு, எண்ணெய் ஓடும் குறுகிய வழிகளை அடைத்து, சூட்டை இன்னும் ஏற்றும். இன்னொன்று எனக்குப் பிடித்தது. தண்ணீருக்குள் மெல்லிய பிளாட்டினம் வளையத்தை முக்கி, மேலே எண்ணெயை மிதக்கவிட்டு, வளையத்தை மெல்ல மேலே இழுப்பார்கள். இரண்டு திரவமும் சந்திக்கும் பரப்பு வளையத்தோடு சேர்ந்து மெல்லிய ஆடையாக எழும்பி, ஒரு கட்டத்தில் அறுந்துபோகும். அறுக்கத் தேவைப்படும் விசையை அளப்பார்கள். புது எண்ணெயில் மீட்டருக்கு 40 மில்லிநியூட்டன் அளவில் இருக்கும். கெட்டுப்போனதில் உண்டாகும் பொருள்கள் தண்ணீரோடு ஒட்டுறவு கொண்டவை என்பதால், எண்ணெய் கெடக் கெட அந்த எண் இறங்கும். கண்ணுக்கு எண்ணெய் இன்னும் தெளிவாகத் தெரியும்போதே இது இறங்கத் தொடங்கிவிடும்.

ஈரத்தின் கணக்குதான் ஏமாற்றும். டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் தண்ணீரில் மிகப் பெரும்பங்கு காகிதத்தில் இருக்கிறது. எண்ணெயில் இருப்பது சொற்பம். லோடு ஏறிச் சூடானால் காகிதத்திலிருந்து ஈரம் எண்ணெய்க்கு வரும். ஆறினால் மெதுவாகத் திரும்பிப் போகும். எனவே ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் குளிர்ந்த காலையில் எடுத்த சாம்பிளும் லோடு உச்சத்தில் எடுத்ததும் வேறு வேறு எண்ணைத் தரும். எண்ணெயின் வெப்பநிலையை எழுதாமல் ஈரத்தின் பிபிஎம் மட்டும் எழுதிய ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சாம்பிள் எடுப்பவர் புட்டியில் ஒட்டும் சீட்டில் அந்த ஒரு எண்ணைச் சேர்த்து எழுதினால் போதும். அதுதான் அடிக்கடி விடுபடுகிறது.

வெளிக்காற்றின் ஈரம் நுழையும் வழி பிரீதர். எண்ணெய் சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கும்போது மேலே கன்சர்வேட்டர் தொட்டி காற்றை வெளியே விட்டு உள்ளே இழுக்கும். அந்தக் காற்று சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குப்பி வழியாக வரும். நீல நிற ஜெல் ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகும். இப்போது ஆரஞ்சு நிறத்திலிருந்து மாறும் வகையும் வந்திருக்கிறது. எண்ணெய்ப் பராமரிப்பிலேயே மலிவான வேலை அந்த ஜெல்லை வறுத்தோ மாற்றியோ வைப்பதுதான். ஐப்பசி மழையில் கடலோர ஊர்களில் முழுக்கச் சிவந்துபோன பிரீதர்களைக் காண்பது அரிதல்ல.

எண்ணெய் இன்னொன்றும் செய்கிறது: உள்ளே நடக்கும் கோளாறைத் தன்னிடம் கரைத்து வைத்துக்கொள்கிறது. எங்காவது சிறு மின்கசிவு இருந்தால் ஹைட்ரஜன் பிறக்கும். இணைப்பு தளர்ந்து உலோகம் கொதித்தால் எத்திலீன். மின்வில் வெட்டினால் அசிட்டிலீன். காகிதம் கருகினால் கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு. காற்று கலக்காமல் கண்ணாடி ஊசிக்குழலில் எடுத்த எண்ணெயிலிருந்து வாயுக்களைப் பிரித்து அளந்தால், டேங்கைத் திறக்காமலே கோளாறு எந்த வகை என்று தெரிந்துவிடும். கனடாவின் மிஷேல் டுவால் 1970களில் உருவாக்கிய முக்கோண வரைபடம் மூன்று வாயுக்களின் விகிதத்தை வைத்தே அதைச் சொல்லும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சர் ஒவ்வொரு முறை மாறும்போதும் தன் தனி அறையில் மின்வில் எழுப்பும். அங்கே அசிட்டிலீன் இயல்பு. அந்த அறையிலிருந்து மெயின் டேங்குக்கு எண்ணெய் கசிந்தால், நல்ல டிரான்ஸ்ஃபார்மர்கூட ரிப்போர்ட்டில் சாகக் கிடப்பதுபோல் தெரியும். அசிட்டிலீன் வந்ததும் சுருளைச் சந்தேகிப்பதற்கு முன் தடுப்பின் கேஸ்கெட்டைப் பார்ப்பவர்தான் அனுபவஸ்தர்.

காகிதத்துக்கு வருவோம். அது குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த செல்லுலோஸ் சங்கிலி. புதிதில் ஒரு சங்கிலிக்குச் சராசரியாக ஆயிரம் கண்ணிக்கு மேல் இருக்கும். சூடு, ஈரம், அமிலம் மூன்றும் அதை அறுத்துக்கொண்டே வரும். சாதாரணக் காகிதத்தில் வெப்பநிலை 6 டிகிரி கூடினால் கெடும் வேகம் இரட்டிப்பாகும் என்பது கணக்கு. சங்கிலி 200 கண்ணிக்கு இறங்கினால் ஆயுள் முடிந்தது என்பார்கள். அப்போதும் காகிதம் மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால் தொட்டால் பொடியும். வெளியே லைனில் ஒரு ஷார்ட் சர்க்யூட் வந்து சுருள் குலுங்கும்போது கிழிந்துவிடும். சங்கிலி அறும்போது தண்ணீரும் பிறக்கிறது. அந்தத் தண்ணீர் மேலும் அறுக்கிறது. டேங்குக்குள் போய்க் காகிதத் துண்டை வெட்டி எடுக்க முடியாது. ஆனால் அறுந்த சங்கிலி ஃபியூரான் என்ற சேர்மங்களை எண்ணெயில் விடுகிறது. அவற்றின் அளவைக் கொண்டு காகிதத்தின் நிலையை ஊகிக்கிறார்கள்.

கெட்ட எண்ணெய்க்கு வைத்தியம் இரண்டு வகை. சூடாக்கி, வெற்றிடத்தில் விட்டு வடிகட்டினால் ஈரமும் வாயுவும் தூசும் போகும். அமிலம் போக வேண்டுமானால் ஃபுல்லர்ஸ் எர்த் என்ற களிமண் வழியாகத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். பழையதை வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினாலும் காகிதத்தில் ஊறிய பழைய எண்ணெய் உள்ளேயே நிற்கும். அதன் அமிலம் சில மாதங்களில் புது எண்ணெய்க்குள் இறங்கும்.

வடிகட்டியதும் கரைந்திருந்த வாயுக்கள் போய்விடும். களிமண்ணில் ஃபியூரானும் போய்விடும். காகிதம் ஒரு நாள்கூட இளமையாகியிருக்காது, ஆனால் அடுத்த ரிப்போர்ட் புதிதுபோல் இருக்கும். அதனால் ஃபில்டர் வண்டியின் குழாயை மாட்டுவதற்கு முன்னால் ஒரு புட்டியும் ஓர் ஊசிக்குழலும் எண்ணெய் எடுத்து, வாயுவும் ஃபியூரானும் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். வேலை முடிந்த பிறகு எடுத்த பி.டி.வி. மட்டும் அதில் இருந்தால், அந்த டிரான்ஸ்ஃபார்மரின் காகிதம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஊகிக்க, எண்ணெயில் ஃபியூரான் மறுபடி சேரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.