உறை ஒன்று, மொழி பல

கணிப்பொறியில் ஒரு நிரலின் பெயரைத் தட்டியதும் அது ஓடத் தொடங்குகிறது. இடையில் நடப்பது என்ன? லினக்ஸ் போன்ற இயக்க முறைமையின் உட்கருவான கெர்னல், அந்தக் கோப்பைத் திறந்து முதற்சில பைட்டுகளைப் படிக்கிறது. அவையே கோப்பின் முத்திரை. கட்டளைகள் எங்கே, தரவுகள் எங்கே, நினைவகத்தில் எவ்விடத்தில் வைப்பது என்பனவற்றை அடுத்துள்ள தலைப்பகுதி கூறும். இவ்வமைப்பையே இயங்கு கோப்பு வடிவம் என்கிறோம். அறியாத முத்திரையைக் கண்டால், பாபேல் கோபுரம் கட்டியோர் ஒருவர் சொல் ஒருவருக்கு விளங்காமல் நின்றதுபோலக் கெர்னலும் நின்றுவிடும்.

ஃபின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-இல் இன்டெல் 386 கணிப்பொறிக்காக லினக்ஸை எழுதினார். தொடக்கத்தில் அதில் இருந்தது, பழைய யூனிக்ஸ் வழிவந்த ‘ஏ.அவுட்’ வடிவம். அதன் தலைப்பகுதி வெறும் 32 பைட்டுகளே. எளிமையே அதன் சிறப்பு.

ஆனால் அந்த எளிமையே பின்னர் இடையூறாயிற்று. பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் பொது நூலகக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் ஒரு நிலையான இடத்தை முன்னரே ஒதுக்க வேண்டியிருந்தது. ஒரே பெஞ்சை இரண்டு வகுப்புகளுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு வகுப்பில் மாணவியர் பெருகினால் எங்கே அமர்வர்? அந்தக் குழப்பமே அங்கும் நேர்ந்தது.

ஆகவே, யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் வெளியீடு 4-இல் பிறந்த ‘எல்ஃப்’ வடிவத்தை லினக்ஸ் ஏற்றது. இதில் நூலகம் காலியாக உள்ள எந்த இடத்திலும் அமரலாம். மேலும், எந்த இயந்திரத்துக்கு உரியது என்பதற்கு எண்ணும் உண்டு: இன்டெல் 386-க்கு 3, ஆர்ம்-க்கு 40, ரிஸ்க்-ஃபைவுக்கு 243. 32 பிட்டா, 64 பிட்டா என்பதும் தலைப்பகுதியிலேயே குறிக்கப்படும்.

அப்படியானால் ஒரே எல்ஃப் நிரல் எல்லா இயந்திரத்திலும் ஓடுமா? ஓடாது! உறை ஒன்றாயினும் உள்ளே கடிதத்தின் மொழி வேறு. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் நிரலைத் தனித்தனியே தொகுத்தாக வேண்டும். ஆயினும், உறையைப் பிரிக்கும் முறை ஒன்றே என்பதால், கெர்னலைப் புதிய இயந்திரத்துக்குக் கொண்டு செல்வோரின் உழைப்பு பெரிதும் குறைகிறது. எனவே அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: தொகுப்பி இவ்வடிவத்தைத் தருமா? நூலகங்களைப் பகிர முடியுமா? நாளைய பெரிய இயந்திரத்துக்கும் இது போதுமா?

1995-ஆம் ஆண்டையொட்டி இம்மாற்றம் நிகழ்ந்தபோது, நூலகங்களையும் நிரல்களையும் மீண்டும் தொகுக்க வேண்டியிருந்தது. பழைய நிரல்களையே நம்பியிருந்தோரின் கதி என்ன? கெர்னல் இரு முத்திரைகளையும் ஏற்றுக்கொண்டது. பழைய வடிவம் 2022-இல்தான் விடைபெற்றது.

புதியதைத் துணிந்து ஏற்கவும், பழையதை நம்பியோரைக் கைவிடாதிருக்கவும் நாமும் கற்றுக்கொள்வோமாக!