அடுக்களையும் அரியணையும்

ஆரணிப் பட்டு என்ற பெயரில் விற்பனையாகும் சேலைகளில் ஒரு பகுதி எங்கள் தேவிகாபுரத்துத் தறிகளில் நெய்யப்படுவது. இவ்வூரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற என்னை, அண்மையில் உறவினர் ஒருவர் பாகப்பிரிவினைக்குச் சாட்சியாக அழைத்திருந்தார். காலமான தந்தை தம் உழைப்பில் கட்டிய வீடும் தறிகளும் இரண்டு மகன்களுக்குச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டன. தாயும் மகளும் கையொப்பமிட வேண்டிய விடுதலைப் பத்திரத்தின் வரைவும் படிக்கப்பட்டது. பிறகு இலை போட்டார்கள். தனியாவும் மிளகாயும் வெந்தயமும் வறுத்து அரைத்துக் கொதித்த சாம்பாரை அந்தத் தாயே பரிமாறினார். சொத்தைப் பற்றிப் பேசிய இரண்டு மணி நேரத்தில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்தச் சாம்பாருக்கே ஒரு குடும்பச் சண்டையின் பின்னணி உண்டு. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் முதலாம் சகஜியின் அரண்மனைக்கு, சத்ரபதி சிவாஜியின் மகன் சம்பாஜி விருந்தினராக வந்தாராம். ஆம்டி என்னும் மராட்டியப் பருப்புக் குழம்புக்கு வேண்டிய கோகம் புளி தீர்ந்துபோனதால், நம் ஊர்ப் புளியைக் கரைத்து ஊற்றினார்களாம். விருந்தாளியின் பெயரால் அது சாம்பார் ஆயிற்று என்பது கதை. இதற்குச் சமகாலச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. ஆயினும் கதை பிறந்த இடம் கவனிக்கத்தக்கது. ஏனெனில், அந்த இருவரின் தந்தையரும் சொத்துக்காகப் போரிட்டவர்கள்.

சகஜியின் தந்தை ஏகோஜியும் சிவாஜியும் ஒரே தந்தைக்கு வெவ்வேறு தாய்மார் வயிற்றில் பிறந்தவர்கள். தந்தை ஷாஜி போன்சுலே 1664-இல் இறந்தபின், தென்னாட்டு உடைமைகள் ஏகோஜியின் வசமிருந்தன. 1677-இல் படையுடன் வந்த சிவாஜி, எங்கள் ஊருக்குத் தென்கிழக்கே உள்ள செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். கொள்ளிடக் கரையில் தம்பியைச் சந்தித்துத் தந்தை சொத்தில் பாதியைக் கேட்டார். உடன்பாடு ஏற்படாமல், ஏகோஜி இரவோடிரவாக ஆற்றைக் கடந்து தஞ்சைக்குத் திரும்பினார். அவ்வாண்டிலேயே போரும் மூண்டது.

பின்னர் சமாதானம் ஏற்பட்டது. கணவரை அதற்கு இணங்கச் செய்தவர் ஏகோஜியின் மனைவி தீபாபாய் என்பது மராட்டிய வரலாற்று மரபு. பெங்களூரை உள்ளடக்கிய பகுதியின் வருவாய், அவருடைய ரவிக்கைக்கும் வளையலுக்குமான சீராக, உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டதாகவும் அம்மரபு கூறுகிறது. உணவுப் பொருள்களின் குணங்களை விரிவாகப் பேசும் 'போஜன குதூகலம்' என்ற வடமொழி நூலின் ஆசிரியர் ரகுநாதரும் இந்த அரசியின் ஆதரவைப் பெற்றவரே. வீட்டைக் கட்டிக் காத்த பெண்ணின் பங்கு வாய்மொழியில் நிற்காமல் ஏட்டில் ஏறிய அரிய நிகழ்வு இது.

எல்லா அரசிகளுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1787-இல் துளஜா மன்னர் இறந்ததும், அவர் தத்தெடுத்த சிறுவன் சரபோஜிக்கும் அவருடைய சகோதரர் அமர்சிங்குக்கும் இடையே அரியணைப் போட்டி எழுந்தது. முதலில் அமர்சிங்கை ஏற்ற ஆங்கிலேயக் கம்பெனி, 1798-இல் சரபோஜியை அமர்த்தியது. மறு ஆண்டே நாட்டின் நிர்வாகத்தை ஒப்பந்தத்தின் மூலம் எடுத்துக்கொண்டது. அரசாட்சி அரண்மனைக்குள் சுருங்கிய அந்த மன்னரின் பெயரால்தான் 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்னும் சமையல் நூல் நமக்குக் கிடைத்துள்ளது. அவருடைய மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி மறைந்ததும், கம்பெனி அரசோடு குடும்பத்தின் தனிச் சொத்தையும் கைப்பற்றியது. மூத்த அரசி காமாட்சிபாய் வழக்குத் தொடுத்துச் சென்னை உச்ச நீதிமன்றத்தில் வென்றார். ஆனால், 1859-இல் லண்டன் பிரிவி கவுன்சில், அது அரசின் செயல், நீதிமன்றம் தலையிட இயலாது என்று கூறி அத்தீர்ப்பை மாற்றிவிட்டது.

அரசியின் நிலையே இதுவென்றால், தறிக்காரரின் மனைவிக்கு என்ன சொல்ல? பாவைச் சீர்செய்வதும் தார் சுற்றுவதும் அவர் வேலை, அடுக்களையும் அவரதே. சேலைக்குக் கூலி வரும்போது அது நெய்தவர் வருமானம் ஆகிறது. வீட்டுப் பணிப்பெண்ணையே ஒருவர் மணந்துகொண்டால் நாட்டு வருமானம் குறையும் என்று பொருளியலறிஞர் பிகு சுட்டிக்காட்டியதை வகுப்பில் சொல்வேன், மாணவர்கள் சிரிப்பார்கள். அது சிரிப்பதற்குரியதன்று. 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாள்தோறும் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகின்றனர். ஆண்கள் 97 நிமிடம்.

சட்டத்தில் குறையில்லை. உயில் எழுதாமல் இறந்தவரின் சுய சம்பாத்தியத்தில் மனைவிக்கும் மகளுக்கும் மகன்களுக்கு இணையான பங்கு உண்டு என்று 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் கூறுகிறது. பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையைத் தமிழகம் 1989-இலேயே வழங்கியது. சட்டம் கொடுத்ததை விடுதலைப் பத்திரம் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

என் தாயாரும் அப்படியொரு பத்திரத்தில் கையொப்பமிட்டவர்தான். அன்று பொருளியல் படித்த நான் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கத்தினால், இம்முறை ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். "பிள்ளைகளுக்குள் சண்டை வேண்டாம் தம்பி" என்றார் அந்தத் தாய். விட்டுக்கொடுப்பது அவர் விருப்பமாக இருக்கலாம். ஆனால், தமக்குரியது எவ்வளவு என்று தெரிந்த பின்னரே ஒருவர் அதை விட்டுக்கொடுக்க முடியும். குறைந்தபட்சம் அவர் வாழ்நாள் முழுவதும் அந்த வீட்டில் இருக்கும் உரிமையையாவது பத்திரத்தில் எழுதுங்கள் என்று மகன்களிடம் கூறிவிட்டு வந்திருக்கிறேன். அவ்வரி சேர்க்கப்படாத தாளில் என் சாட்சிக் கையொப்பம் இராது.