மீனை நேரில் காட்டும் ஒலிக்கருவி: வன்னிக் குளங்களுக்கு எந்தளவு பொருந்தும்?

அமெரிக்காவில் ‘கிராப்பி’ என்றொரு நன்னீர் மீன் இருக்கிறது. நீருக்குள் மூழ்கிய பட்ட மரங்களின் கிளைகளுக்கிடையே கூட்டமாக நிற்கும் தட்டையான மீன். படகில் இருப்பவர் ஒரு திரையைப் பார்த்தபடி, அந்த மீனின் வாய்க்கு முன்னால் தூண்டிலை இறக்கிப் பிடிக்கும் காணொளிகள் யூரியூப்பில் ஏராளம். அவற்றைக் கைத்தொலைபேசியில் காட்டி, “அண்ணை, இது எங்கட இரணைமடுவில வேலை செய்யுமோ?” என்று இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. வேலை செய்யும். ஆனால் எங்கே, எதற்கு, யாருடைய கையில் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

கருவி செய்வது என்ன?

சோனார் ஒலியால் பார்க்கும் கருவி. காதுக்குக் கேட்காத ஒலித்துடிப்பை நீருக்குள் அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. நீரில் ஒலி செக்கனுக்குச் சுமார் 1500 மீற்றர் செல்லும். 15 மீற்றர் தூரத்தில் நிற்கும் மீனின் எதிரொலி ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் வந்துவிடும்.

மீனின் சதை ஏறக்குறைய நீரைப் போன்றதே. பெரும்பாலும் எதிரொலி தருவது அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பை. அதனால் காற்றுப்பை இல்லாத இறாலும் நண்டும் இந்தக் கருவிக்குச் சரியாகப் பிடிபடா. நந்திக்கடலில் இறால் தேடுபவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

பழைய வகைக் கருவி படகுக்கு நேர்கீழே மட்டும் பார்க்கும். அதன் ஒலி கூம்பு போல விரியும். 20 பாகைக் கூம்பு என்றால், 30 மீற்றர் ஆழக் கடலில் அடியில் சுமார் 10 மீற்றர் அகலத்தைக் காட்டும். 2 மீற்றர் ஆழக் குளத்தில் முக்கால் மீற்றர்கூட இல்லை. குளத்தில் அது திறப்புத் துவாரத்தால் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது போலத்தான். 2018இல் ‘கார்மின்’ நிறுவனம் வெளியிட்ட ‘லைவ்ஸ்கோப்’ போன்ற நேரலைச் சோனார்கள் இந்தக் குறையைத் தீர்த்தன. அவை படகுக்கு முன்னால் பக்கவாட்டாகப் பார்த்து, மீன் திரும்புவதையும் தூண்டிலை நோக்கி வருவதையும் அந்தக் கணமே திரையில் காட்டுகின்றன. திரையும் சேர்த்து விலை ஆயிரக்கணக்கான டொலர்.

எங்கள் குளங்களில்

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் போன்ற குளங்களில் அதிகம் பிடிபடுவது நாங்கள் ‘யப்பான் மீன்’ என்று சொல்லும் திலாப்பியா. பெயர் யப்பான் என்றாலும் பூர்வீகம் ஆபிரிக்கா. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்குக் காற்றுப்பை உண்டு, கூட்டமாக நிற்கும், பட்ட மரங்களைச் சுற்றும். கிராப்பியைக் காட்டும் கருவி இதையும் காட்டும். நீர் கலங்கியிருந்தாலும் ஒலிக்கு அது பெரிய தடையில்லை.

விரால் வேறு கதை. அது பாசிக்குள்ளும் சேற்றோடும் கிடக்கும். அங்கே மீனின் எதிரொலியும் பாசியின் எதிரொலியும் கலந்துவிடும். ஆனால் விரால் காற்றைச் சுவாசிக்க மேலே வந்தே ஆக வேண்டும். அந்தக் குமிழிக்காகக் காத்திருக்கும் அனுபவசாலியின் கண்ணை எந்தத் திரையாலும் வெல்வது கடினம்.

கடலில் எரிபொருள் கணக்கு

கடலில் இந்தக் கருவி புதியதல்ல. நோர்வேயின் ‘டாக்டர் பிரிட்ஜோவ் நான்சன்’ ஆய்வுக்கப்பல் 1978–80 காலப்பகுதியிலும் மீண்டும் 2018இலும் இலங்கைக் கடலின் மீன்வளத்தை ஒலிக்கருவி கொண்டு ஆராய்ந்தது. ஆனால் பொருளாதாரத் தடைக் காலத்தில் ரோர்ச் பற்றரிக்கே தடையிருந்த வன்னியில், இப்படியொரு கருவியை யார் நினைத்துப் பார்த்திருக்க முடியும்?

இன்று நிலைமை வேறு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தது. சிறு படகுக்காரருக்கு மீனைத் தேடி அலையும் ஒவ்வொரு மணிநேரமும் பணம். விலை குறைந்த, கீழ்நோக்கிப் பார்க்கும் சாதாரண கருவியே கடலின் ஆழத்துக்குப் போதும். பார் எங்கே, சாளைக் கூட்டம் எந்த ஆழத்தில் என்று தெரிந்தால் எரிபொருள் மிச்சம். முல்லைத்தீவுக் கரைக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன்.

குளத்தில் ஏன் தயக்கம்?

குளம் மூடிய நீர். மாரியில் பரந்து கிடக்கும் மீன், ஓகஸ்ட், செப்ரெம்பரில் நீர் வற்றும்போது மிஞ்சிய ஆழத்துக்குள் ஒடுங்கிவிடும். திலாப்பியாவின் பெண்மீன் முட்டையையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்தே காக்கும். அப்படிப்பட்ட தாய்மீன்கள் ஒதுங்கும் இடத்தைத் திரையில் பார்த்து வலையால் வளைத்தால், அடுத்த பருவத்துக் குஞ்சுகளும் சேர்ந்தே போகும்.

குளங்களில் 8.5 சென்ரிமீற்றரை விடச் சிறிய கண்ணுள்ள செவுள்வலை கூடாது என்ற விதி, சிறுமீன் தப்பி வளர வேண்டும் என்பதற்காகவே. ரெஜிபோம் துண்டிலும் லொறி ரியூப்பிலும் மிதந்து வலை போடும் தொழிலாளியும், குளத்தில் விடப்படும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும் நன்னீர் மீன்பிடிச் சங்கமும் அந்த மீனை நம்பித்தான் இருக்கிறார்கள். மீன் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இருப்பதும் இதுவரை மீனுக்கு ஒரு பாதுகாப்பாக இருந்தது. கருவி எடுத்துவிடுவது அந்தப் பாதுகாப்பைத்தான்.

இது எங்கள் ஊருக்கு மட்டுமான கவலையல்ல. அமெரிக்காவில் ‘பாஸ்’ மீன்பிடிப் போட்டிகளை நடத்தும் பெரிய அமைப்பொன்று, 2025இல் தன் முதன்மைத் தொடரில், நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டுமே முன்நோக்கும் சோனாரை அனுமதித்தது. பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவர்களே எல்லை போடும்போது, வயிற்றுப்பாட்டுக்காகப் பிடிக்கும் நாங்கள் யோசிக்காமல் இருக்கலாமா?

சங்கத்தின் கையில் இருந்தால்

என் கருத்து, கருவியைத் தடை செய்ய வேண்டியதில்லை. தனியாளின் கையில் கொடுக்காமல் சங்கத்தின் கையில் வைக்கலாம். வருடத்துக்கொரு தடவை குளத்தின் ஆழத்தை அளந்தால் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று தெரியும். அதைக் கமக்காரர் அமைப்புகளும் அறிய வேண்டும். வலையைக் கிழிக்கும் பட்ட மரங்களைக் குறித்து வைக்கலாம். தாய்மீன் ஒதுங்கும் இடங்களை வலை போடாத பகுதியாக ஒதுக்கலாம். மீனைப் பிடிக்க உதவும் அதே படம், மீனைக் காப்பாற்றவும் உதவும்.

இன்னொரு பயனும் உண்டு. குளத்தில் குளிக்கப் போனவர் மூழ்கினால், உறவுகள் கட்டில் நின்று கதறிக்கொண்டிருக்க, சுழியோடிகள் கலங்கிய நீருக்குள் கையால் தடவித் தேட வேண்டியிருக்கிறது. வெளிநாடுகளில் இத்தகைய தேடலுக்கும் சோனார் பயன்படுகிறது. வெளிநாட்டு உறவுகள் ஊருக்கு ஏதாவது வாங்கித்தர விரும்பினால், ஒரு குளத்துக்கு ஒன்று என்று சங்கத்துக்கு வாங்கிக் கொடுங்கள். அதை எப்போது நீரில் இறக்குவது, எப்போது இறக்காமல் விடுவது என்பதைக் குளத்தை நம்பி வாழ்பவர்கள் கூடிப் பேசி முடிவு செய்யட்டும்.