வறட்சிக்கு அசையாத செடி, டிராக்டருக்குத் தோற்கிறது

கோடை தொடங்கும்போது பிகானேர், ஜெய்சல்மேர் வீடுகளில் ஒரு பச்சடி செய்வார்கள். தயிரில் சின்னஞ்சிறு பூமொட்டுகள் மிதக்கும். ‘ஃபோக்லா’ என்று பெயர். தார்ப் பாலைவன மணல் மேடுகளில் வளரும் ‘ஃபோக்’ புதரின் மொட்டுகள் அவை. கம்பு ரொட்டிக்கு அருமையாக இருக்கும். ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் இதே புதர்தான் தீனி. ஒரு காலத்தில் மேட்டுக்கு மேடு நின்ற இந்தச் செடியை இன்று பல இடங்களில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாலைவனத்தில் செடி அழிகிறது என்றால், மழை பொய்த்திருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். ஜெய்சல்மேரில் ஆண்டு சராசரி மழை 200 மி.மீ.கூடக் கிடையாதுதான். ஆனால், ஃபோக் அதற்கென்றே பிறந்த செடி. இலை என்று சொல்ல அநேகமாக ஒன்றும் இருக்காது. உணவு தயாரிக்கும் வேலையைப் பச்சைக் குச்சிகளே பார்த்துக்கொள்ளும். காயைச் சுற்றி மெல்லிய முடிகள் அடர்ந்திருக்கும்; காற்றடித்தால் மணலில் உருண்டுபோய் வேறிடத்தில் முளைக்கும். ஆடு கடித்தாலும், கிளையை வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதன் உயிர் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. அங்கே கை வைத்ததுதான் வினை.

சுற்றிப் போகாத கலப்பை

ஒட்டகம் பூட்டிய மரக்கலப்பை மணலை லேசாகத்தான் கீறும். புதர் குறுக்கிட்டால் உழுபவர் சுற்றிக்கொண்டு போவார். அறுவடைக்குப் பிறகு சில வருடங்கள் நிலத்தைச் சும்மா போடும் வழக்கமும் இருந்ததால், கம்பும் பயறும் விளைந்த காட்டிலேயே ஃபோக்கும் தழைத்தது. டிராக்டர் சுற்றிப் போவதில்லை. வட்டுக் கலப்பை அடிக்கட்டையை அறுத்து, வேரைப் புரட்டி வெயிலில் போட்டுவிடுகிறது. நல்ல மழை பெய்த வருடத்தில்தான் புதுக் கன்றுகள் தலைகாட்டும். அதே மழைக்குத்தான் டிராக்டரும் காட்டில் இறங்குகிறது. கிழப் புதர்கள் நிற்பதைப் பார்த்து நாம் ஏமாந்துபோகிறோம். அவற்றின் இடத்துக்கு வர இளங்கன்றுகள் இல்லை.

இன்னொரு எதிரி அடுப்பு. ஃபோக் விறகு நின்று எரியும். அதன் கரி கடும் சூடு தரும். கிளையை மட்டும் ஒடித்தவரை பிரச்சினை இல்லை. விறகுக்கும் கரிக்கும் வேரையே தோண்டியபோது, துளிர்க்க எதுவும் மிஞ்சவில்லை.

பிறகு தண்ணீர் வந்தது. 1958-இல் வெட்டத் தொடங்கிய ராஜஸ்தான் கால்வாய், இன்றைய இந்திரா காந்தி கால்வாய், பஞ்சாபின் ஹரிகேயிலிருந்து 649 கி.மீ. கடந்து ஜெய்சல்மேர் மாவட்டம்வரை வருகிறது. குடிநீருக்கே அலைந்த ஊர்களில் கோதுமையும் பருத்தியும் விளைந்ததைக் குறை சொல்ல முடியாது. ஆனால், பாசனத்துக்காக மேடுகளைச் சமன் செய்தபோது மேட்டோடு ஃபோக்கும் போனது. மணல் பறந்து வந்து கால்வாயை மூடாதிருக்க மரம் நட்டபோதும், மணலைப் பிடித்து நிறுத்தத் தெரிந்த உள்ளூர்ப் புதரைவிட யூகலிப்டஸ், இஸ்ரேல் வேல மரம் என வேகமாக வளரும் அயல் மரங்களுக்கே அதிக இடம் கிடைத்தது.

இப்போது சூரிய மின்சாரத்தின் முறை. ஃபலோதி அருகே பட்லாவில் மட்டும் சுமார் 14,000 ஏக்கரில் 2,245 மெகாவாட் மின்பூங்கா நிற்கிறது. அரசு ஆவணங்களில் ‘தரிசு’ என்றிருக்கும் நிலம், திட்டம் தீட்டுபவர்களுக்குக் காலி மனையாகத் தெரிகிறது. மேய்ப்பவருக்கு அதுதான் தீவனக் காடு.

ஃபோக்கைக் காக்க வழி இல்லாமல் இல்லை. கிராமங்கள் தெய்வத்தின் பெயரால் காத்துவந்த ‘ஓரண்’ என்னும் காடுகளில், பச்சை மரத்தில் கோடரி படக் கூடாது என்பது கட்டுப்பாடு. ராஜஸ்தானில் இவற்றை அடையாளம் கண்டு வனமாக அறிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. அந்தக் கணக்கெடுப்பில் மரங்களைப் போலவே புதர்களுக்கும் இடம் தர வேண்டும். வயல்காட்டில் இன்னும் எளிது: மேட்டின் உச்சியையும் வரப்போரத்தையும் உழாமல் விட்டாலே போதும், அங்கே மிஞ்சிய வேர்கள் துளிர்த்துக்கொள்ளும். கன்று வாங்கி நடும் செலவுகூட இல்லை.