நடுகல்லும் சிவாலயமும்

சமய நம்பிக்கை ஒரே நாளில் தோன்றுவதன்று. அது நம் வைகையைப் போன்றது. வருசநாட்டு மலைகளில் சிற்றோடைகளாய்ப் பிறந்து, மயிலாடும்பாறைப் பக்கமாக இறங்கிப் பேராறாகப் பெருகுகின்றது வைகை. ஓடைகளை மறந்தவர் ஆற்றை அறிந்தவராகார்.

இப்பள்ளத்தாக்கிலே, ஆண்டிபட்டிப் பகுதியைச் சேர்ந்த புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டனர். தமிழி எழுத்துப் பொறித்த அவை இரண்டாயிரம் ஆண்டுகட்கும் முற்பட்டவை என்பது அறிஞர் துணிபு. அவற்றுள் ஒன்று, ஆநிரை கவரும் பூசலில் மாண்ட அந்தவன் என்பானுக்கு நாட்டிய கல்.

இக்கல்லை நாட்டும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படியாக வகுக்கின்றது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்பன. தக்க கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நிறுவி, படையலிட்டு, வாழ்த்தினர் முன்னோர். நம் ஆலயங்களிலும் திருவுருவை நீரில் வைத்த பின்னரே பிரதிட்டை செய்கின்றோம். ஆகம விதி வேறு, நடுகல் மரபு வேறு. எனினும் கல்லின்முன் கசிந்து நிற்கும் உள்ளம் ஒன்றேயன்றோ?

இவ்வுள்ளம் நாடெங்கும் பரவியது. செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் கங்கையில் நீராட்டிக் கண்ணகிக்கு உருச்சமைத்தான் என்கிறது சிலப்பதிகாரம். கூடலூர் மலைமீதுள்ள மங்கலதேவி கோயிலில் சித்திரை முழுநிலவன்று இன்றும் விழா நிகழ்கின்றது. கடல் கடந்த இலங்கையிலோ, அவ்வன்னையைப் பத்தினித் தெய்வமாகச் சிங்களப் பௌத்தரும் போற்றுகின்றனர்.

நடுகல் சிவநெறியோடு கலந்த இடமும் உண்டு. கன்னட நாட்டு வீரகற்கள் பலவற்றில் கீழே போர்க்களம். நடுவே வீரனை விண்ணுலகுக்கு ஏந்திச் செல்லும் அரமகளிர். மேலே சிவலிங்கத்தின்முன் கைகூப்பிய வீரன். மண்ணில் மாண்டவன் சிவன் திருமுன்னர் வாழ்கின்றான் என்பதே அதன் பொருள். நம் சோழர் மறைந்த மன்னர்க்குப் பள்ளிப்படைச் சிவாலயங்களே எடுத்தனர். முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக மேல்பாடியில் எடுத்தது அத்தகையதே.

ஆதலின், ஊர்ப்புறத்து வீரன் கல்லைச் 'சிறுதெய்வம்' என்று ஒதுக்குதல் தகாது. அதனைப் பெயர்த்துப் படிக்கல்லாக்குவதும், திருப்பணி என்ற பெயரில் பழைய கல்வெட்டின்மீது வண்ணம் பூசுவதும் பெரும்பிழை. அழிந்த எழுத்தை எந்தக் குடமுழுக்கும் மீட்டுத் தாராது. திருவிழாவுக்கு வந்த அன்பர்கள், தத்தம் ஊரெல்லையில் சாய்ந்து கிடக்கும் கல்லை ஒருமுறை உற்று நோக்குக. அதில் எழுத்திருப்பின் தொல்லியல் துறையினர்க்கு அறிவிக்க. அதுவும் சிவத்தொண்டே.

திருச்சிற்றம்பலம்.